புஷ்பாவும் சுஜாதாவும் சுபாவும் ஆம்பளைங்க... அப்ப பொம்பளைங்க எங்க?

"இந்தப் புஷ்பா அம்மா ஒருத்தங்கதாம்மா தைரியமா எழுதினாங்க. அவங்களுக்கு அப்புறம் எந்த லேடீஸும் இப்படி ரத்தமும் சதையுமா எழுதல."

மயிலாப்பூர்ல பழைய புத்தகம் கிளறிக்கிட்டு இருந்தப்போ ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னது இது. அவர் கையில அட்டை கிழிஞ்ச ஒரு புஷ்பா தங்கதுரை நாவல்.

"சார், அவங்க அம்மா இல்ல. ஐயா. பேரு ஸ்ரீவேணுகோபாலன்."

அவர் நம்பல. "திருவரங்கன் உலா எழுதினவரா? சரித்திரக் கதைக்காரர் ஆச்சேம்மா!"

ஆமா, அவரேதான். ஸ்ரீரங்கம் பெருமாளைப் படையெடுப்புலேர்ந்து காப்பாத்தி ஊர் ஊரா தூக்கிட்டு அலைஞ்ச கதையைச் சொந்தப் பேர்ல எழுதினார். சிவப்பு விளக்குப் பகுதியில மாட்டிக்கிட்ட பொண்ணோட கதையை, 'என் பெயர் கமலா'வை, புஷ்பாங்கிற பேர்ல எழுதினார்.

பெரியவர் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பாத்தார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. "அப்ப கிரைம் எழுதின லேடீஸ் யாருமே இல்லியா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடல. பதில் நீளம்ங்கிறதால இங்க வந்து கொட்டறேன்.

முதல்ல அந்தப் பேர் விஷயம்.

சுஜாதா ஆம்பளைன்னு எல்லாருக்கும் தெரியும். எஸ். ரங்கராஜன். குமுதத்துல ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால மனைவி பேரை எடுத்துக்கிட்டார். சுபா ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்: சுரேஷ், பாலகிருஷ்ணன். இந்திரா சௌந்தர்ராஜன்ல இருக்கிற இந்திரா அவரோட அம்மா. தேவிபாலாவும் ஆண்தான். (எங்க அத்தை வருஷக்கணக்கா தேவிபாலாவைத் தன் வயசுப் பொம்பளைன்னு நினைச்சுப் படிச்சாங்க. உண்மை தெரிஞ்ச அன்னிக்கு அவங்க முகம் போன போக்கு இருக்கே!)

ஆக, தமிழ் மர்மக்கதை அட்டைகள்ல பொம்பளைப் பேருக்குப் பஞ்சமே இருந்ததில்ல. பொம்பளைங்களுக்குத்தான் பஞ்சம்.

இதுல யார் மேலயும் எனக்குக் கோபம் கிடையாது. சுஜாதாவோட கணேஷ்-வசந்த் இல்லாம நான் வளர்ந்திருக்கவே முடியாது. சுபாவோட நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாரோட விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா, இவங்கள்லாம் எங்க வீட்டு ஆளுங்க மாதிரி. ஆனா கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. வைஜயந்தி, ரூபலா, சுசீலா மூணு பேருமே கெட்டிக்காரிங்க. மூணு பேருமே ரெண்டாவது பேர். ஹைஃபனுக்கு அந்தப் பக்கம். சுசீலாவைப் பத்தி யாரைக் கேட்டாலும் அவ கண்டுபிடிச்சது எதுவும் ஞாபகம் வராது, பனியன்ல இருக்கிற வாசகம்தான் ஞாபகம் வரும்.

டீக்கடை வாசல்ல கிளிப் போட்டுத் தொங்கின அந்த மாத நாவல்களையும் நினைச்சுப் பாருங்க. ஜி. அசோகன் கொண்டு வந்த பாக்கெட் நாவல், கிரைம் நாவல் எல்லாம். அட்டையில பொண்ணு முகம். உள்ள முதல் அத்தியாயத்துல பொணம், அதுவும் முக்காவாசி பொண்ணு. எழுதறவர் ஆண். படிக்கிறது? பாதிக்கு மேல பொம்பளைங்கதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். கோபாலபுரம் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில எந்த ஷெல்ஃப் முன்னாடி எந்த அம்மா நிக்கறாங்கன்னு சின்ன வயசுலேர்ந்து பாத்தவ நான். 'குடும்ப நாவல்' எடுக்க வந்தேன்னு சொல்லிட்டு அடியில ராஜேஷ்குமார் ரெண்டு வெச்சு எடுத்துட்டுப் போவாங்க.

படிக்கத் தெரியுது. ரசிக்கத் தெரியுது. கொலைகாரன் யாருன்னு நாற்பதாம் பக்கத்துலயே சொல்லத் தெரியுது. எழுத மட்டும் வராதா?

வரும். வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துச்சு.

பெரியவர் நின்ன இடத்துலேர்ந்து ஆட்டோ ஏறினா கொஞ்ச நேரத்துல திருவல்லிக்கேணி. அங்க வாழ்ந்தவங்க வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901ல பிறந்தாங்க. அஞ்சரை வயசுல கல்யாணம். பள்ளிக்கூடம் போகல. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவங்க வாயால சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினாங்க. அது 1924ல புத்தகமா வந்துச்சு. அடுத்த வருஷமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பிச்சு, அதுல 'வைதேகி'யைத் தொடரா எழுதினாங்க. மொத்தம் 115 நாவல்!

எல்லாரும் அவங்களை சமூக நாவலாசிரியை, சுதந்திரப் போராட்ட வீராங்கனை, பாட்டுக்காரின்னு சொல்வாங்க. (எல்லாமே உண்மை. மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனவங்க. மேடையில பாடினவங்க.) ஆனா ஆரம்ப கால நாவல்கள்ல அவங்க பிடிச்ச பாதை எதுன்னு பாருங்க: அந்தக் காலத்துல துப்பறியும் கதைன்னாலே நினைவுக்கு வர்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரோட பாதை. மர்மம், ஆள்மாறாட்டம், துப்பறியறது, எல்லாம் உண்டு. தமிழ்ல துப்பறியும் நாவல் எழுதின முதல் பெண்ணுன்னு அவங்களைச் சொல்றவங்க உண்டு.

நான் நம்ம ஊர் கிரைம் கதை வரலாறுன்னு எந்தக் கட்டுரை எடுத்தாலும் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூரார், அப்புறம் ஒரே தாவா தமிழ்வாணன். நடுவுல பத்திரிகையே நடத்தி நாவல் ராணின்னு பேர் வாங்கின பொம்பளையைக் காணோம்! அவங்க 'பெண் எழுத்து' அத்தியாயத்துல இருப்பாங்க. வேற அலமாரி.

இந்த அலமாரிப் பிரச்சினைதான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

சிவசங்கரியை எடுத்துக்கங்க. 'ஒரு மனிதனின் கதை' ஒரு குடிகாரன் அழியறதை அணு அணுவா காட்டற நாவல். 'அவன்' போதை மருந்துக்கு அடிமையான பையன் கதை. அந்த உலகத்துக்குள்ள போய் விசாரிச்சு, பாத்து, கேட்டு எழுதினது. இதே விஷயத்தை, இதே இருட்டை ஒரு ஆம்பளை எழுதியிருந்தா அட்டையில ஊசியும் நிழலும் போட்டு கிரைம்னு வித்திருப்பாங்க. இவங்க எழுதினதால 'சமூக விழிப்புணர்வு'. நம்ம பொம்பளைங்க அழுக்கை எழுதாம இல்ல. எழுதினதுக்கு சோப்புப் போட்டு வேற பேர் வெச்சாங்க.

2008ல நம்ம சென்னை பதிப்பகம் பிளாஃப்ட், தமிழ் பல்ப் கதைகளை இங்கிலீஷ்ல தொகுத்துப் போட்டு உலகம் முழுக்கப் பேச வெச்சது. அதுல வித்யா சுப்ரமணியம், ரமணிசந்திரன் ரெண்டு பேரும் இருக்காங்க. ஆனா அவங்க கதைங்க குடும்பம், காதல். துப்பாக்கி, பேய், சயனைடெல்லாம் மத்தவங்ககிட்ட. இன்னொண்ணும் இருக்கு. அந்தத் தொகுப்புல அத்தனை கதையையும் மொழிபெயர்த்தது ப்ரீதம் சக்ரவர்த்தி, ஒரு பெண். ராஜேஷ்குமார் கொலையையும் சுபா துரத்தலையும் உலகத்துக்குக் கொண்டு போன குரல் ஒரு பொம்பளையோடது. எனக்கு இதை நினைச்சா பெருமையா இருக்கு.

வெளிநாட்டுல கதை தலைகீழ். அங்க பொம்பளைங்க ஆம்பளைப் பேருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. 1941ல 'மிஸ் ஃப்யூரி'ன்னு ஒரு காமிக்ஸ். கறுப்புச் சிறுத்தைத் தோல் மாட்டிக்கிட்டு ராத்திரியில கிளம்பற நாயகி. உருவாக்கினவங்க ஜூன் டார்ப்பே மில்ஸ். 'ஜூன்'னு போட்டா பொம்பளைன்னு தெரிஞ்சிடும்னு அதை வெட்டிட்டு 'டார்ப்பே மில்ஸ்'னு மட்டும் கையெழுத்துப் போட்டாங்க. லீ பிராக்கெட்டுன்னு ஒருத்தங்க. அவங்க துப்பறியும் நாவலைப் படிச்ச ஹோவர்ட் ஹாக்ஸ், 'தி பிக் ஸ்லீப்' படத்துக்குத் திரைக்கதை எழுத அந்த 'ஆளை'க் கூப்பிடுன்னார். வந்து நின்னது ஒரு இளம்பெண்! பட்ரீஷியா ஹைஸ்மித் நாவலாசிரியை ஆகறதுக்கு முன்னாடி நாற்பதுகள்ல காமிக்ஸுக்கு ஸ்கிரிப்ட் எழுதித்தான் வாடகை கட்டினாங்க.

நம்ம பக்கம் காமிக்ஸ்னா சிவகாசி. 1984ல லயன் காமிக்ஸோட முதல் இதழ் எது? 'கத்தி முனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைஸி! இரும்புக்கை மாயாவியையே சுத்திக்கிட்டு இருந்த பசங்க கையில ஒரு பொம்பளை நாயகியை வெச்சு ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்தத் தைரியத்துக்கு என் சலாம் எப்பவும் உண்டு. முன்னாடி ஒரு குற்றக் கும்பலையே நடத்தினவ, தானே முடிவு எடுக்கறவ, ஆம்பளைக் கூட்டாளி வில்லி கார்வின் அவ சொல்றதைக் கேட்டு நடக்கறவன். ஆனா படைச்சவர் பீட்டர் ஓ'டானல். அவரும் அப்புறம் 'மேடலின் பிரெண்ட்'ங்கிற பொம்பளைப் பேர்ல காதல் நாவல்கள் எழுதினார். (நம்ம ஊர் வழக்கம் அங்கயும் கொஞ்சம் இருந்திருக்கு!)

சரி, 'நுவார்'னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன? யார் கொலை பண்ணாங்கன்னு கடைசி அத்தியாயத்துல கூட்டம் கூட்டி விளக்கறது இல்ல அது. கொலை ஏன் அந்த ஊர்ல, அந்தச் சம்பளத்துல, அந்த வீட்டுல நடந்தே தீரும்னு காட்டறது. போலீஸ் வந்தாலும் நியாயம் வராது. நாயகி சுத்தமானவளா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஊரே ஒரு பாத்திரம்.

அப்படிப் பாத்தா தமிழ்ல அந்த வாசனையை எனக்குக் காட்டினது அம்பை.

ஆமா, அதே அம்பை. 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை'க்கு 2021ல சாகித்ய அகாதெமி வாங்கின அம்பை. 2014ல காலச்சுவடு வெளியீடா 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' வந்துச்சு. சுதா குப்தா, மும்பையில தனியார் துப்பறிவாளர். வீடு, புருஷன், சாயா, மழை, லோக்கல் ட்ரெயின் எல்லாத்துக்கும் நடுவுல வேலை பாக்கறவ. அவகிட்ட வர்ற வழக்குகள்ல வைரம் திருடு போறதில்ல. மனுஷங்க காணாம போறாங்க. ஏன் காணாம போனாங்கன்னு தெரிய வர்றப்போ நம்ம வயித்தைப் பிசையும். சுதா குப்தா எல்லாத்தையும் போலீஸ்ல கொண்டு போய்க் கொட்ட மாட்டா. சிலதைத் தெரிஞ்சுக்கிட்டு, தன்னோடயே வெச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போவா. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சது.

சில பேர் "இது அம்பையோட சைடு பிசினஸ்"னு தள்ளி வெச்சாங்க. தப்பு. அம்பை எழுத ஆரம்பிச்சதே துப்பறியும் கதையிலதான். 'நந்திமலைச் சாரலிலே', பிள்ளைங்களுக்கான நாவல், அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ எழுதி 'கண்ணன்' பத்திரிகைப் போட்டியில பரிசு வாங்கினது. 'அம்பை'ங்கிற பேர் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? தேவனோட 'பார்வதியின் சங்கல்பம்' நாவல்ல, புருஷனால அவமானப்பட்ட ஒரு மனைவி எழுத்தாளரா ஆகறப்போ வெச்சுக்கிற பேர். தேவன் யாரு? 'துப்பறியும் சாம்பு' எழுதினவர்! சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்குது பாருங்க.

அதனால அந்தப் பெரியவருக்கு என் பதில்: இருக்காங்க சார். நாமதான் அலமாரி மாத்தி வெச்சுட்டோம்.

ஆனா இது போதாது. எனக்கு மெட்ராஸ் வேணும்.

சுதா குப்தாவுக்கு அந்தேரி இருக்கற மாதிரி எனக்கு திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன் வேணும். அந்தக் கட்டடத்துக்குள்ள சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தனியா நடந்திருக்கீங்களா? ஆயிரம் பேர் நிக்கக்கூடிய தளம், அதுல நாலு பேர். ஓடாத எஸ்கலேட்டர். ஒரு ட்யூப்லைட் மட்டும் துடிச்சுக்கிட்டே இருக்கும். கீழ பக்கிங்ஹாம் கால்வாய் நாத்தம். படியிறங்கறப்போ பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டா, நம்ம செருப்பா இல்ல வேற ஒருத்தரோடதான்னு ஒரு நொடி நின்னு பாப்போம். இந்த ஊர்ல ஒவ்வொரு பொண்ணுக்கும் தலைக்குள்ள ஒரு மேப் இருக்கு. எந்தத் தெருவுல விளக்கு எரியும், எந்த டாஸ்மாக் எத்தனை மணிக்கு மூடும், எந்த சப்வேயில இறங்கக் கூடாது, ஆட்டோ நம்பரை யாருக்கு அனுப்பணும். ஆம்பளை நுவார் எழுத்தாளர் இதையெல்லாம் கற்பனை பண்ணணும். நமக்கு இது தினசரி.

"லேடீஸுக்கு ரத்தம் எழுத வராது"ன்னு ஒரு கூட்டத்துல ஒருத்தர் மைக் பிடிச்சே சொன்னார். ரத்தக்கறை துணியிலேர்ந்து எப்படிப் போகும்னு அவர்கிட்ட கேக்கணும் போல இருந்துச்சு. வெந்நீர் ஊத்தினா கறை நூலுக்குள்ள உக்காந்துக்கும். பச்சைத் தண்ணிதான். உடனே ஊற வைக்கணும். கொஞ்சம் உப்பு. பதிமூணு வயசுல ஒவ்வொரு பொண்ணுக்கும் அம்மா சொல்லித் தர்றது இது. ரத்தம் எங்க யாருக்கும் அதிர்ச்சி இல்ல.

மெட்ராஸ்ல நடந்ததையும் பாருங்க. ஆளவந்தார் கொலை. 1952 ஆகஸ்ட். சைனா பஜார்ல பேனா வித்த மனுஷன் காணாம போறார். மானாமதுரையில ரயில்ல ஒரு ட்ரங்குப் பெட்டி, உள்ள தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரையில கிடைச்சுது. பிரபாகர மேனனும் மனைவி தேவகியும் கைதானாங்க. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூணு வருஷம். இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதிட்டாங்க. நான் படிச்ச வரைக்கும் எல்லாத்துலயும் தேவகி ஒரு அழகான முகம், ஒரு பழைய தொடர்பு, ஒரு தூண்டில். கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததுக்காகக் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருத்தன் விடாம வந்து நின்னா அந்தப் பொண்ணு ராத்திரி என்ன யோசிப்பா? புருஷனுக்குத் தெரிஞ்ச அன்னிக்கு அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? ராயபுரம் வீட்டுத் தரையை யார் கழுவினாங்க? தேவகி பக்கத்துலேர்ந்து யாராவது இதை எழுதணும். கோர்ட்டுல ஆம்பளைங்க சொன்ன வார்த்தைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலேர்ந்து எழுதணும்.

அடையாறுக்கு அந்தப் பக்கம் திருவான்மியூர். ஆட்டோ சங்கர். 1988ல சிக்கினான், 1995ல தூக்கு. ஜெயில்லேர்ந்து அவன் எழுதினதா சொல்லி ஒரு சுயசரிதை. அதை நக்கீரன் வெளியிடலாமா கூடாதான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1994ல வந்த தீர்ப்பை இன்னிக்கும் சட்ட மாணவங்க படிக்கறாங்க. கொலைகாரனுக்கு சுயசரிதை இருக்கு, சட்டப் புத்தகத்துல ஒரு அத்தியாயம் இருக்கு. அவன் நடத்தின விபச்சாரக் குடிசைகளுக்குள்ள தள்ளப்பட்ட பொண்ணுங்க பேர் ஒண்ணு சொல்லுங்க பாப்போம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இதையெல்லாம் பொலம்பிக்கிட்டு மட்டும் இல்ல நான். என் தோழி ஒருத்தி, அடையாறுல இருக்கா, நல்லா வரைவா. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

நாயகி யாருங்கிறதுலயே மாசக்கணக்கா சண்டை. முதல்ல ஒரு பெண் இன்ஸ்பெக்டர். யூனிஃபார்ம் போட்டதும் அவ பின்னாடி அரசாங்கம் வந்து நின்னுக்கிச்சு, பயமே போயிடுச்சு. அடுத்து ஒரு பத்திரிகைக்காரி. அவளும் எங்க வேணா போவா, யாரை வேணா கேப்பா. நுவாருக்கு அது ஒத்து வராது. மாட்டிக்கிட்டவளா இருக்கணும்.

அப்பதான் நட்சுவோ கிரினோவோட 'அவுட்' நினைவுக்கு வந்துச்சு. 1997ல வந்த ஜப்பானிய நாவல். சாப்பாட்டு டப்பா அடைக்கிற தொழிற்சாலையில ராத்திரி ஷிஃப்ட் பாக்கிற நாலு பொம்பளைங்க. ஒருத்தி புருஷனைக் கழுத்தை நெரிச்சுட்டா. மத்தவங்க உதவிக்கு வர்றாங்க. எந்த மாதிரி உதவின்னு சொல்ல மாட்டேன், படிச்சுக்கங்க. துப்பறிவாளர் வேண்டாம், ஷிஃப்ட்டும் கடனும் போதும்னு அந்தப் புத்தகம்தான் எனக்குக் காட்டிச்சு.

நம்ம ஊர்ல அந்தத் தொழிற்சாலை எது? தி. நகர்.

ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு ஜவுளிக்கடை சேல்ஸ் பொண்ணு. காலையில வந்தா ராத்திரி ஷட்டர் இறக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கறவ. ('அங்காடித் தெரு' படம் பாத்தவங்களுக்குத் தெரியும். வேலை செய்யறவங்களுக்கு உக்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 2021லதான். அதுவரைக்கும் உக்காரக் கூட சட்டம் இல்ல!) தென் மாவட்டத்துலேர்ந்து வந்தவ. கடையோட ஹாஸ்டல். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய்.

பக்கத்துப் பாய்க்காரி ஒரு நாள் வரல. வார்டன் சொல்றா: "எவன் கூடவோ ஓடிட்டா." எல்லாரும் சரின்னு தலையாட்டிட்டுப் படுத்துடறாங்க.

நம்ம நாயகி மட்டும் மொட்டை மாடிக்குப் போறா. கொடியில அவளோட துணி இன்னும் ஈரமா தொங்குது. ரெண்டு சுடிதார்ல நல்லது அதுதான். ஓடிப்போறவ நல்ல துணியைத் தோய்ச்சுக் காயப்போட்டுட்டா ஓடுவா? அடுத்த ஞாயித்துக்கிழமை அவளுக்குச் சீட்டு விழுது. மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுப் பிடிச்சுக் கட்டின சீட்டு. அந்தப் பணத்தை விட்டுட்டு எவ போவா?

இவ்வளவுதான் துப்பு. கைரேகை இல்ல, லென்ஸ் இல்ல. ஈரத் துணியும் சீட்டுப் பணமும். இதை எழுதி முடிச்ச அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

வரையறதுல ரெண்டு பெரிய தலைவலி.

ஒண்ணு, இருட்டு. நுவார்னா இருட்டும் மழையும்னு உலகமே வரைஞ்சு வெச்சிருக்கு. ரங்கநாதன் தெருவுல இருட்டுக்கு எங்க போறது? நாலு பக்கமும் வெளிச்சம், நகைக்கடை போர்டுலேர்ந்து கண்ணு கூசும். தோழி ஒரு வாரம் அங்கயே சுத்தினா. மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு 2023ல திறந்த அந்த ஆகாய நடைபாதையில நின்னு கீழ பாத்துப் பாத்து வரைஞ்சா. அப்புறம் சொன்னா: "இருட்டு தெருவுல இல்லடி. கடைக்குப் பின்னாடி இருக்கு." குடோன் படிக்கட்டு. சரக்கு லிஃப்ட். அட்டைப்பெட்டி அடுக்கின சந்து. முன்பக்கம் அவ்வளவு வெளிச்சமா இருக்கறதாலயே பின்பக்கம் யாருக்கும் தெரியாது. மழைக்குப் பதிலா வேர்வை. எங்க காமிக்ஸ்ல எல்லாரும் வேர்த்துக்கிட்டே இருப்பாங்க. கறுப்பு வெள்ளையில வேர்வை வரையறது ரத்தம் வரையறதை விடக் கஷ்டம்னு தோழி சொல்றா.

ரெண்டாவது, பலூன். இங்கிலீஷ்ல ரெண்டு சின்ன வார்த்தையில முடியறது நமக்கு ஒரே நீள வார்த்தை. நடுவுல வெட்டவும் முடியாது. பலூன் பெருத்து பெருத்து ஆளோட முகத்தையே மறைச்சுடும். லயன், முத்து இதழ்கள்ல எழுத்துக் கோத்தவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு பழைய இதழ்களைப் பரப்பி வெச்சுப் பாத்தோம். பார்த்துட்டு வேற வழியில போனோம். எங்க நாயகி கம்மியா பேசுவா. கடையில நாள் முழுக்க "வாங்கக்கா, பாருங்கக்கா"ன்னு பேசிப் பேசித் தொண்டை காஞ்சவ ஹாஸ்டலுக்கு வந்தா ஏன் பேசப் போறா? வசனம் குறைஞ்சதும் கதைக்கே ஒரு கனம் வந்துடுச்சு.

(அம்ருதா பாட்டீலோட 'காரி', 2008, கண்டிப்பா பாருங்க. ஒரு பெண் தனியா எழுதி வரைஞ்ச இந்திய கிராஃபிக் நாவல். புகையும் சாக்கடையுமா ஒரு நகரம், அதுல ஒரு பொண்ணு. அதுவும் கம்மியா பேசற பொண்ணுதான். ஸ்காட்லாந்துக்காரங்க டெனிஸ் மைனாவும் உண்டு. கிளாஸ்கோ பத்தி நாவல் எழுதிக்கிட்டே 'ஹெல்பிளேஸர்' காமிக்ஸையும் எழுதினவங்க. ரெண்டு கையாலயும் எழுதலாம்னு அவங்களைப் பாத்து தைரியம் வந்துச்சு.)

சினிமா பக்கம் கதவு கொஞ்சம் திறந்திருக்கு. 2017ல 'விக்ரம் வேதா' படம், 2022ல 'சுழல்' வெப் சீரிஸ். ரெண்டையும் எழுதினது புஷ்கர்-காயத்ரி. வேதா ரவுடின்னு ஊரே கொண்டாடிச்சு, அந்த ரவுடியோட கதையில பாதி ஒரு பொம்பளையோடதுன்னு எத்தனை பேர் சொன்னோம்? இங்கயும் ஹைஃபனுக்கு அந்தப் பக்கம்தான் பேர் இருக்கு, ஆனா இந்தத் தடவை அது எழுதறவங்க பேர்.

புத்தகத்துல அந்தக் கதவு இன்னும் திறக்கல. நந்தனம் புத்தகக் காட்சியில ஒவ்வொரு ஸ்டாலா போய் "பெண்கள் எழுதின கிரைம் இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. அகதா கிறிஸ்டி மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டுவாங்க.

கேக்கறதை நிறுத்தாதீங்க. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் பதிப்பாளர் காதுல விழும். ஒரு கதை கையில வெச்சுக்கிட்டு 'இது நம்ம எழுதலாமா'ன்னு தயங்கற பொண்ணுங்க இதைப் படிக்கறீங்கன்னா, தயவுசெஞ்சு எழுதுங்க. சொந்தப் பேர்லயே எழுதுங்க. அந்தப் பேர் அட்டையில வரட்டும்.

எனக்கும் ரெண்டு உதவி வேணும். ஒண்ணு, உங்க வீட்டுப் பரண்ல பாட்டி சேத்து வெச்ச 'ஜகன்மோகினி' இதழ் இருந்தா பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல கொண்டு போய்க் கேளுங்க, பழைய தமிழ் நாவல், பத்திரிகையெல்லாம் பத்திரமா பாத்துக்கறவங்க. குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டினா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

இன்னொண்ணு, தி. நகர்ல ஜவுளிக்கடை ஹாஸ்டல்ல இருந்தவங்க யாராவது பேசத் தயாரா இருந்தா சொல்லுங்க. பேர் வேண்டாம், கடை பேரும் வேண்டாம். ராத்திரி கேட்டைப் பூட்டினதுக்கு அப்புறம் சாவி யார்கிட்ட இருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியணும். கதை அந்த இடத்துலதான் நிக்குது.